ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர நினைப்பவர்கள் கவனத்துக்கு

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மார்த்தாண்டத்துத் தம்பி, அங்குள்ள ஆங்கிலம் பேசும் ஃப்ரீமேசன் லாட்ஜில் சேரலாமா என்று கேட்டிருந்தார். (ஃப்ரீமேசன் என்பது தனிச் சடங்குகள் கொண்ட ஒரு பழைய சகோதரத்துவச் சங்கம்; அதன் உள்ளூர்க் கிளைதான் லாட்ஜ்.)

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே தங்கிய பிரிட்டிஷ், அமெரிக்க, கனடிய ராணுவத்தினர் தொடங்கிய லாட்ஜ்கள்தான் அவற்றில் பெரும்பாலானவை. இப்போது பல நாட்டவரும் சேர்கிறார்கள். கடவுள் நம்பிக்கை கட்டாயம்; எந்த மதமானாலும் சரி. கூட்டத்தில் மதமும் அரசியலும் பேசக் கூடாது (இந்தக் குழுவிலும் அந்த விதி வந்தால் எனக்கு நிம்மதி). சந்தா உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்கணும். 1738-லேயே போப் இதைத் தடை செய்தார். 2023 நவம்பரில் வாட்டிகன் அதை மறுபடி உறுதிப்படுத்தியது. கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டத்தார் சேருமுன் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

சவுதி போன்ற வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே சட்டப்படி தடை.

அப்புறம், “சேர்ந்தால் கோடீஸ்வரன், முதலில் பணம் அனுப்பு” என்று வாட்ஸ்அப்பில் வருவது முழு ஏமாற்று. அதை இங்கே ஃபார்வர்ட் செய்தால் நீக்கிவிடுவேன். ஊரில் இருப்பவர்களுக்கு 1961-ல் அமைந்த இந்தியாவின் கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜ்களின் தலைமை அமைப்பு) இருக்கிறது. விசாரிப்பதானால் அங்கே விசாரியுங்கள்.

– அட்மின்