எஞ்சின் பின்னால்தான் இருக்கிறது, ஐயா: வாகனப் பதிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாகனப் பதிவு விதிகளை வகுக்கும் பெரியோர்களுக்கும், அவற்றை அலுவலகங்களில் நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பதிவுப் புதுப்பித்தல், மாற்றங்களுக்கான முன் அனுமதி, பழைய வாகனங்களுக்கான கட்டணம் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் அறியாதது எதுவும் இல்லை என்பதால், அவற்றின் வரலாற்றை விரித்துரைத்து உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கோவையில் என் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் செப்பனிட்டு எழுப்பிய 1985-ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2 வண்டியைப் பதிவுப் புதுப்பித்தலுக்காக அண்மையில் ஆய்வுக்குக் கொண்டுசென்றபோது நடந்ததைச் சொல்லி, அதிலிருந்து எழும் ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

ஆய்வாளர் முன் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே ஸ்டெப்னி டயர் இருந்தது. “எஞ்சின் எங்கே?” என்று கேட்டார். இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லி, அந்த மூடியையும் திறந்து காட்டி, எஞ்சின் எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கொடுத்தேன். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்தின. ஆயினும், “எஞ்சின் இடம் மாற்றப்பட்டுள்ளது, தயாரிப்பாளரின் சான்று தேவை” என்ற குறிப்போடு என் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 1984-இல் ஜப்பானில் வெளிவந்த நாளிலிருந்தே இந்த வண்டிக்கு எஞ்சின் அந்த இடத்தில்தான். அப்படி இருந்துகொண்டேதான் அது 1984-85-க்கான ஜப்பானின் சிறந்த கார் விருதையும் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானியப் பொறியாளர்கள் செய்த வேலைக்கு, என் கொட்டகையில் கிடக்கும் ஸ்பானர்களைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள்.

அந்தச் சான்றைத்தான் யாரிடம் போய் வாங்குவது? இந்த வகை வண்டி நம் நாட்டில் விற்பனைக்கு வந்ததே இல்லை. டொயோட்டா இங்கே கார்களுக்கான நிறுவனம் தொடங்கியதே 1997-இல்தான். இங்கிலாந்தில் பணிபுரிந்து திரும்பிய ஒருவர் உரிய சுங்க வரியைச் செலுத்திக் கொண்டுவந்து, முறையாகப் பதிவு செய்து ஓட்டிய வண்டி இது. அன்று பதிவுச் சான்றைக் கையால் எழுதிய எழுத்தர் மாடலின் பெயரைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பின்னாளில் அதைக் கணினியில் ஏற்றியவருக்குப் பட்டியலில் அந்தப் பெயர் அகப்படவில்லை போலும். அகப்பட்ட வேறொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அதனால் இரண்டு கதவும் இரண்டு இருக்கையும் கொண்ட என் வண்டி உங்கள் பதிவேட்டில் ஒரு குடும்பச் செடானாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. செடானுக்கு எஞ்சின் முன்னால்தானே இருக்க வேண்டும் என்பதே இன்று எனக்கு எதிரான வாதம்.

இந்த வண்டியில் நான் எதையுமே மாற்றவில்லை என்று சொல்ல வரவில்லை. மாற்றியிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் படமும் ரசீதும் வைத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருப்பதால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வண்டியின் அடியில் நீளமாக ஓடும் இரண்டு இரும்புக் குழாய்களின் வழியாகத்தான் போய்வர வேண்டும். நாற்பது ஆண்டுகளில் அவை உள்ளிருந்தே துருப்பிடித்துப்போகும்; வெளியே பெயின்ட் கலையாமல் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் ஒன்று பிய்த்துக்கொண்டால், முள் சிவப்பைத் தொடுவதை ஓட்டுபவர் கவனிப்பதற்குள் தண்ணீர் முழுதும் போய், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். புதிய அசல் குழாய் கிடைக்காத நிலையில், பழையதையே அச்சாக வைத்து, 304 தரத்துத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை வளைவுக்கு வளைவு அதே போல் வளைத்து, ஹோஸ் நழுவாதபடி முனைகளைப் புடைக்கச் செய்து, இணைப்புகளை டிக் வெல்டிங் வைத்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே பொருத்தினேன். இந்த நகரத்தின் லேத் பட்டறைகளில் இப்படிப்பட்ட வேலையைச் செய்து தரக்கூடிய கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆய்வுக் குறிப்பின் இரண்டாம் வரி சொல்கிறது: “அடிப்பகுதியில் அசல் அல்லாத குழாய்கள்.” துருப்பிடித்த பழைய குழாய்களோடு போயிருந்தால் இந்த வரி எழுதப்பட்டிருக்காது என்பதை நினைக்கும்போதுதான் மரியாதையாக எழுதுவது கடினமாகிறது.

எரிபொருள் ஹோஸ்களின் கதையும் இதுவே. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை இன்று பெட்ரோல் பங்க்குகளில் விற்பது அரசின் கொள்கை. 1985-இன் ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் அந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, வெடித்து, கசியத் தொடங்கும். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைப் போட்டேன். ஓர் அரசு ஆணைக்கு ஏற்பச் செய்த மாற்றத்தை இன்னோர் அரசு அலுவலகம் குறையாக எழுதுவதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையோ, அதை உறுதிப்படுத்தி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையோ நான் குறைகூறவில்லை. சைலன்சரை அறுத்துவிட்டு நள்ளிரவில் தெருவையே எழுப்பிச் செல்வோரைப் பிடித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம் விதியுங்கள். முதலில் நன்றி சொல்பவன் நானாக இருப்பேன். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி செய்யும் மாற்றங்களைப் பற்றி. கூலன்ட் குழாய் என்ன உலோகம் என்பதற்குப் பதிவுச் சான்றில் எந்தக் கட்டம் இருக்கிறது?

கட்டணத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 80,000 ரூபாய். இங்கேயே தயாரான கார் என்றால் 10,000. ஐந்தாண்டுகள் கழிந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். போதாததற்கு, வண்டி எஞ்சினின்றித் தாங்கிகளின் மேல் நின்ற காலத்துக்கும் மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். புகை கக்கும் பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றுவதே நோக்கம் என்றால், புகையை அளந்து பாருங்கள். அந்தச் சோதனைக்கு நான் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறேன். வண்டி தயாரான இடத்தை அளவுகோலாக்கி எட்டு மடங்கு வாங்கினால் காற்று எட்டு மடங்கு தூய்மையாகிவிடுமா?

2021-இல் வந்த தொன்மை வாகன விதிகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அவை முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்தவற்றுக்கு மட்டுமே. அங்கும் எஞ்சினிலோ உடற்கூட்டிலோ பெரிய மாற்றம் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். 20 வயதைத் தாண்டியும் 50-ஐ எட்டாமலும் நிற்கும் வண்டிகளுக்கு உங்கள் சட்டத்தில் இருப்பவை உடைப்பு முற்றமும் 80,000 ரூபாய் ரசீதும் மட்டுமே. ஜெர்மனியில் 30 ஆண்டு நிறைந்து நல்ல நிலையில் உள்ள வாகனத்துக்குத் தனி எண்பலகை கொடுக்கிறார்கள்; இங்கிலாந்தில் 40 ஆண்டில் சாலை வரியே விலக்கப்படுகிறது. செய்த நிறுவனங்களும் பழைய வண்டிகளைக் கைவிட்டுவிடவில்லை. மாஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு மீட்டெடுப்புப் பணியை 2017-இல் அறிவித்தது. டொயோட்டா 2020 முதல் பழைய சூப்ராவுக்கான உதிரிபாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கியது. இங்கே, மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதனின் ஊரில், ஒரு கூலன்ட் குழாய்க்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜி. டி. நாயுடு இன்று இருந்து, தாம் திருத்திய பொறி ஒன்றை ஆய்வுக்குக் கொண்டுவந்திருந்தால், அவரிடமும் தயாரிப்பாளர் சான்று கேட்டிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நான் வேண்டுவது விலக்கு அன்று, ஆய்வு. 25 ஆண்டு கடந்து, முறையாகச் செப்பனிடப்பட்ட வாகனங்களுக்குத் தனிப் பதிவுப் பிரிவு ஒன்றை ஏற்படுத்துங்கள். அவற்றில் செய்யப்பட்ட மாற்றங்களைத் தகுதிபெற்ற வாகனப் பொறியாளர் ஒருவர் பரிசோதித்து, பாதுகாப்பானவற்றைப் பதிவுச் சான்றிலேயே எழுதிக்கொடுக்க வழி செய்யுங்கள். ஆபத்தானவற்றை அவர் மறுக்கட்டும், கழற்றிவிடுகிறேன். பொறியாளருக்கான நியாயமான கட்டணத்தையும் நானே செலுத்துகிறேன். மீண்டும் சொல்கிறேன்: கண்ணை மூடிக்கொண்டு அனுமதியுங்கள் என்று கேட்கவில்லை, கண்ணைத் திறந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புதிய பிரிவு வரும்வரை, கணினிப் பட்டியலில் இல்லாத மாடல்களுக்குப் பழைய கையெழுத்துப் பதிவுச் சான்றையும் சுங்க ஆவணத்தையும் ஆதாரமாக ஏற்கும்படி அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியுமானால், என்னைப் போன்ற பலருடைய வண்டிகள் கொட்டகையை விட்டு வெளியே வரும். என் விண்ணப்பத்தின் நகல், படங்கள், ரசீதுகள், தயாரிப்பாளரின் பழைய பழுதுபார்ப்புக் கையேட்டில் எஞ்சின் இருக்குமிடத்தைக் காட்டும் பக்கம் ஆகியவற்றைத் தனியே அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தையாவது ஒருவர் பார்த்துவிட்டு, என் விண்ணப்பத்தை மறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்