விசைப்படகு உரிமையாளர் சங்கங்களுக்கு: தடைக்காலம் முடியும் முன் ஒரு தீர்மானம் போடுங்கள்

பாக் நீரிணைக் கரையில் இருக்கும் விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவர்களுக்கும், படகு ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

மண்டபத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு கரையில் நாட்டுப்படகு வைத்து நண்டுவலை போடுகிறவன் நான். உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் பழைய கணக்கு நிறைய இருக்கிறது. அறுந்த வலைகள், அதற்காக நடந்த பஞ்சாயத்துகள், ஆளுக்கொரு பக்கம் நின்று போட்ட மனுக்கள். அதையெல்லாம் இந்த மடலில் எடுக்கப்போவதில்லை. சங்காயத்தைப் பற்றி, அதாவது பெரிய மீனோடு மடியில் வாரி வரும் குஞ்சு மீன் கழிவைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் என்று வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் படகுகள் கரையில் நிற்கின்றன. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள் ஆனது. அந்த இரண்டு மாதம் உங்கள் வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்று எங்களுக்குத் தெரியும். அரசு தரும் நிவாரணம் கைக்கு வருவதற்குள் வட்டிக்கு வாங்கியது அதைவிடப் பெரிதாகிவிடும். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இஞ்சினைப் பிரித்து மாட்டும் செலவு வேறு. படகில் வேலைக்கு வருகிறவர்கள் கேரளாவுக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுகிறார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு நீங்கள் கடலுக்குக் கொடுக்கும் ஓய்வை, திறப்பு நாளுக்கு அடுத்த சில வாரங்களிலேயே உங்கள் இழுவை மடி, அந்தப் பை மாதிரி வலை, திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. அதுதான் என் மனத்தாங்கல்.

ஜூன் கடைசியில் எந்த இறங்குதளத்திலும் விடியற்காலை நின்று பார்த்தால் தெரியும். இறால் ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, நண்டு, நகரை என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து முடித்த பிறகு தளத்தில் ஒரு குவியல் மிச்சம் கிடக்கும். மண்வெட்டியால் அள்ளித்தான் கூடையில் போடுவார்கள். அதைக் கையால் கிளறிப் பாருங்கள். சுண்டுவிரல் நீளத்தில் நகரைக் குஞ்சு, கிழங்கான் குஞ்சு, காசு அளவுக்குக் காரல், ஓடு இன்னும் இறுகாத நண்டுக் குஞ்சு, கட்டைவிரல் அளவு கணவாய். இடையிடையே வேரோடு பிடுங்கி வந்த தாழை, அதாவது கடற்புல். சில சமயம் ஒரு கடல்குதிரை, ஒரு கடல் அட்டை. இரண்டையும் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம். அந்தக் குவியலுக்கு ஒரே விலை, ஒரே பெயர்: சங்காயம். லாரியில் ஏறி மீன்தூள் ஆலைக்குப் போய், கோழித் தீவனமாகவும் இறால் பண்ணைத் தீவனமாகவும் மாறுகிறது.

அந்தக் குஞ்சுகள்தான் தடைக்காலத்தின் பலன். ஏப்ரலிலும் மேயிலும் முட்டையிட்டுப் பொரித்தவை ஜூன் பாதியில் விரல் அளவுக்குத்தான் வந்திருக்கும். இன்னும் சில மாதம் விட்டால் அதே நகரை பெட்டியில் ஏறி ஏலத்துக்குப் போகும், அதே நண்டு ஏற்றுமதிக் கம்பெனி எடையில் நிற்கும். நாம் அதை மண்வெட்டி எடையில் விற்கிறோம்.

இது தெரியாமல் நீங்கள் செய்யவில்லை. மீன் போய்ச் சேரும் மடியின் கடைசிப் பைதான் தூர்மடி; அதன் கண்ணி, அதாவது வலைக்கண், 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை உங்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. வெளியே விதிப்படி ஒரு வலை, உள்ளே சின்னக் கண்ணியில் இன்னொரு மடி என்று கட்டுவதும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. நாம் வழக்கமாகக் கட்டும் சாய்சதுரக் கண்ணி, கரையில் விரித்து அளந்தால் சரியாகத்தான் இருக்கும். படகு இழுக்கத் தொடங்கி, மடியில் பாரம் ஏறியதும் நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும். அப்புறம் அதில் குஞ்சு தப்புவது கஷ்டம். தூர்மடியை மட்டும் சதுரக் கண்ணியாகக் கட்டினால் இழுக்கும்போதும் கண் திறந்தே இருக்கும். குஞ்சு வெளியேறிவிடும், பெருவெட்டு இறாலும் மீனும் தங்கும். ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இதைப் பல வருடமாகச் சொல்கிறார்கள். முழு மடியையும் மாற்றத் தேவையில்லை, தூர் பகுதியை மாற்றினால் போதும். ஒரு படகு ஒரு தடவை கடலுக்குப் போய்வரும் டீசல் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே இல்லை.

மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பச்சை வரி இறால் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து, வளர்த்து, இதே வடகடலில், அதாவது நம் பாக் நீரிணைப் பக்கக் கடலில், பல முறை விட்டிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அரசு பணம் செலவழித்து ஒரு பக்கம் இறால் குஞ்சை விட, மறுபக்கம் நாம் கடலே பொரித்த குஞ்சை வாரிக்கொண்டு வந்தால் எந்தக் காலத்தில் கணக்கு நேராகும்?

தாழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வடகடல் ஆழமில்லாத கடல், பெரும்பாலான இடத்தில் 15 மீட்டரைத் தாண்டாது. வெளிச்சம் தரை வரை இறங்குவதால்தான் இங்கே தாழை இவ்வளவு செழித்து வளர்கிறது. நண்டும் இறாலும் ஓரா மீனும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது அதற்குள்தான். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் அதையே. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்ததும் இந்தத் தாழையை வைத்துத்தான். மடியோடு கட்டிய இழுவைப் பலகையும் சங்கிலியும் தரையை உரசிப்போனால் தாழை வேரோடு வந்துவிடும். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று 1983-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் இருக்கும் விதியை எங்களுக்காகப் போட்ட வேலியாக மட்டும் நீங்கள் பார்க்கிறீர்கள். உங்கள் மடிக்கு அடுத்த வருடம் வரப்போகும் இறாலும் அந்த வேலிக்குள்தான் வளர்கிறது, அண்ணே.

நீங்கள் ஏன் இப்படித் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் புரியாமல் இல்லை. இழுவைப் படகை நீங்களாகக் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. இறால் ஏற்றுமதிக்காக அரசுதான் 1960-களிலிருந்து ஊக்கம் கொடுத்து வளர்த்தது. பிறகு கடல் வற்றியபோது கடன் மட்டும் உங்கள் தலையில் நின்றது. 2017-ல் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம், மூன்று வருடத்தில் 2000 படகுகள் என்றார்கள். அந்த இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. ஒரு நாள் இரவு போய் விடிந்ததும் திரும்பிப் பழகியவர்களை, வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கும் தொழிலுக்குப் பயிற்சியும் துறைமுகமும் சந்தையும் சரியாகத் தராமல் தள்ளினால் யார் போவார்கள்? அதற்காக அரசிடம் நீங்கள் நடத்தும் போராட்டத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வருகிறோம்.

ஆனால் அந்தத் திட்டம் சரியாகும் வரை கடல் காத்திருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் காத்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் மீனவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள். முப்பது வருடப் போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்துவிட்டு, சின்னப் படகும் கடன் வாங்கிய வலையுமாகத் திரும்பத் தொழிலுக்கு வந்தவர்கள். 2010-ல் அவர்கள் சென்னைக்கு வந்து பேசியபோது, ஒரு வருடத்துக்குள் இழுவை மடியை நிறுத்திக்கொள்கிறோம் என்று நம் பக்கம் ஒப்புக்கொண்டோம். 2017-ல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பிள்ளைகள் அங்கே சிறையில் இருக்கும்போது எங்கள் வயிறும்தான் எரிகிறது, படகைப் பறிகொடுத்தவனின் வீட்டுக்கு நாங்களும்தான் துக்கம் கேட்கப் போகிறோம். ஆனால் நம் பக்கக் கடலில் மீன் இருந்தால் எத்தனை பேர் அந்தப் பக்கம் போவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். தடைக்காலம் முடியும் முன் எல்லாத் துறைமுகத்திலும் நீங்கள் கூட்டம் போடுவீர்கள். டீசல், டோக்கன், ஐஸ் விலை எல்லாம் பேசுவீர்கள். இந்த வருடம் அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணித் தூர்மடி இல்லாத படகு, உள்மடி வைத்த படகு, முதல் நாள் கடலுக்குப் போகக் கூடாது. அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன் சங்கமே தளத்தில் நின்று பார்க்கட்டும். வேலைநிறுத்தம் என்று சங்கம் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு படகுகூட அவிழாது, அந்தக் கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது. இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டை மடியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது எப்படியும் சட்டத்துக்கு விரோதம், அதை வைத்திருப்பவர்கள் யார் என்று சங்கத்துக்குத் தெரியும்.

முதல் வருடம் வரும்படி குறையும். சில ஊர்களில் சங்காயக் காசுதான் வேலைக்காரர்களின் கைச்செலவு. அந்த இழப்பை ஈடுகட்ட ஓரிரு வருடத்துக்கு மீன்வளத்துறையிடம் உதவித்தொகை கேட்க வேண்டும், தூர்மடி மாற்றும் செலவையும் மானியமாகக் கேட்க வேண்டும். அந்த மனுவில் நாட்டுப்படகு ஊர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடும். எங்கள் ஊரில் நான் பேசியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. வயிற்றில் சினையோடு வரும் நண்டு ஒன்றில் பல லட்சம் முட்டை இருக்கும். அதை வலையிலிருந்து கழற்றி உயிரோடு கடலில் விடுவதை ஊர்க் கட்டுப்பாடாக்க முயன்று வருகிறோம். எல்லா ஊரும் இன்னும் ஒத்துவரவில்லை. தங்கூசி வலை (ஒற்றை நைலான் இழை வலை) கிழிந்ததும் கடலிலேயே தள்ளிவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும், அது வருடக்கணக்கில் மக்காமல் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கிறது. நீங்கள் தீர்மானம் போட்டால் எங்கள் ஊர்களில் இந்த இரண்டையும் பேசி முடிப்பது எளிதாகும்.

கூட்டத் தேதி முடிவானதும் நாட்டுப்படகு ஊர்த் தலைவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். எந்தத் துறைமுகமாக இருந்தாலும் வந்து உட்கார்ந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
வடகடல் கரையிலிருந்து ஒரு நாட்டுப்படகு மீனவன்