அளவை எழுதி மாட்டுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவ அதிகாரி அவர்களுக்கும், அவருக்கு மேலே இருந்து இந்த நகரத்துக் குழந்தைகளின் நலனைப் பார்த்துக்கொள்ளும் ஐயா, அம்மா எல்லோருக்கும்,

வணக்கம்.

போன புதன்கிழமை, தடுப்பூசி நாளன்று, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்காவது தடவையாக எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்கு வந்தேன். டோக்கன் எண் 38. என் முறை வரும்போது மணி பன்னிரண்டு. நான் கேட்டது ஒரு தாளில் நான்கு வரி. இரண்டரை வயதுக் குழந்தைக்கு வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும், எவ்வளவுக்கு மேல் போனால் கெடுதல், நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊற்றும் அந்த ஒரு கரண்டி மருந்து இந்தக் கணக்கில் எங்கே வருகிறது, இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்மா, உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பழமொழி தெரியும். அந்த அளவு எவ்வளவு என்றுதான் தெரியாது. அதைக் கேட்கத்தான் நான்கு நடை நடந்தேன்.

கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். வைட்டமின் ஏ சத்தே கிடையாதாம், அது விஷமாம். ஈரல் அதைச் சேர்த்து வைப்பதே விஷத்தைப் பூட்டி வைக்கத்தானாம். ஆட்டு ஈரல், முட்டையின் மஞ்சள் கரு, பால், நெய் எல்லாம் உடம்பை மெல்ல மெல்லக் கெடுக்குமாம். என் மாப்பிள்ளை அதை நம்பினார். அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவர், பொறுப்பான தகப்பன். பையனுக்குத் தோல் வறண்டு வெடித்து ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடந்தபோது, காரணம் தேடித் தேடிப் படித்ததில் இது அகப்பட்டது. வைட்டமின் ஏ அதிகமானால் தோல் வறளும் என்று அதில் போட்டிருந்தது. அது உண்மைதான். குறைந்தாலும் தோல் வறளும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் குழந்தைக்கு முட்டை இல்லை, பால் இல்லை, நெய் இல்லை. ஈரல் பேச்சே இல்லை. கேரட், முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம் என்று மஞ்சளும் பச்சையுமாக இருந்ததெல்லாம் பின்னாலேயே போய்விட்டது. வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கோழிக்கறி, அவ்வளவுதான். ஒன்றரை வயதில் கொடுத்த மருந்துதான் கடைசி. இரண்டு வயதில் கொடுக்க வேண்டியது விட்டுப்போயிற்று, இப்போது இரண்டரை வயதுக்கானதும் நிற்கிறது. "ஒரு டாக்டர் அளவைச் சொல்லி, இது ஏன் ஆபத்தில்லைன்னு எழுதிக் கொடுக்கட்டும் அத்தை, நானே தூக்கிட்டுப் போய்ப் போட்டுட்டு வரேன்" என்கிறார் மாப்பிள்ளை. பெற்றவர்களுக்குத் தெரியாமல் குழந்தை வாயில் எதையும் ஊற்ற எனக்கு மனசு வராது. அதனால்தான் அந்த நான்கு வரி.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும். ஏன் வருகிறது என்று சொல்கிறேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் விளக்கைப் போடுவதில்லை. வெளிச்சம் மங்கி, சுவரின் நிறம் தெரியாமல் போகும் வரை காத்திருப்பேன். அப்புறம் ஒரு சாம்பல் நிறப் பந்தை எடுத்து, சத்தம் வராமல் இருக்கத் துணியில் சுற்றி, தரையில் உருட்டிவிட்டு, "பந்தை எடுத்துட்டு வா கண்ணா" என்பேன். அவன் நேராகப் போய் எடுக்கிறானா, கையால் தரையைத் தடவுகிறானா என்று பார்ப்பேன். இதுவரைக்கும் நேராகப் போய்த்தான் எடுக்கிறான். ஒவ்வொரு நாளும் அவன் எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்ட பிறகுதான் எழுந்து சுவிட்சைத் தட்டுகிறேன். குழந்தைக்கு அது விளையாட்டு. எனக்கு அந்த ஐந்து நிமிஷம் நெஞ்சு அடைக்கிறது.

ஏனென்றால் கையால் தரையைத் தடவிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். 1970இல் நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் லைன் வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. பகலெல்லாம் தெருவில் ஓடுவான். இருட்ட ஆரம்பித்தால் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கூப்பிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவான். ஒரு நாள் தண்ணீர் அண்டாவில் மோதி நெற்றி கிழிந்தது. கண்ணின் வெள்ளையில், ஓரத்தில், சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு திட்டு. மாலைக்கண் என்று பக்கத்து வீட்டு ஆயாதான் முதலில் சொன்னார். கறிக்கடையில் காசுக்கு ஏற்ற மாதிரி ஈரல் வாங்கி, சுட்டு, உப்புப் போட்டு அம்மா ஊட்டினார். சில நாட்களிலேயே தம்பி இருட்டில் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடினான். வைட்டமின் ஏ குறைவால் இப்படி வரும் என்பதும், அந்தத் திட்டுக்குப் பிட்டோ புள்ளி என்று பெயர் இருப்பதும், கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகிக் கரைந்து பார்வையே போய்விடும் என்பதும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பார்வை இழப்பைத் தடுக்கக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே 1970இல்தான். அப்போது எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை.

ஆக, ஈரலில் இருப்பது விஷம் என்று யாராவது சொன்னால் என் தம்பியின் நெற்றித் தழும்பு எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் மாப்பிள்ளைக்குத் தழும்பைக் காட்டிப் பயனில்லை. அவர் கணக்குக் கேட்கிறார். அந்தக் கணக்கு நியாயமானது, அதனால் உங்களிடம் அப்படியே வைக்கிறேன்.

ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தை விலங்கு உணவாலும் மருந்தாலும் பெறும் வைட்டமின் ஏ, ஒரு நாளைக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நீங்கள் ஊற்றும் 2 மில்லி கரண்டியில் இருப்பது இரண்டு லட்சம் யூனிட், அதாவது 60,000 மைக்ரோகிராம். "நூறு மடங்கு அத்தை, நூறு மடங்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 31 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தேன். பாட்டிலோடு வரும் அந்தக் கரண்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒன்பது மாதக் குழந்தைக்கு 1 மில்லி கோடு வரை, பெரிய குழந்தைக்கு நிறைய என்று எத்தனை வாயில் ஊற்ற உதவியிருப்பேன்! ஐந்து வயதுக்குள் ஒன்பது தவணை, மொத்தம் 17 லட்சம் யூனிட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நூறு மடங்கு ஏன் என்று ஒரு பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 600 என்பது தினமும் போகும் அளவுக்கான வரம்பு. மருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 60,000த்தை 180 நாளால் வகுத்தால் நாளுக்கு 333 வருகிறது. அந்த வயதுக்கு நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன தினசரித் தேவை 390. ஈரல் அதை வாங்கிப் பூட்டி வைத்து, கண்ணுக்கும் தோலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறது. அதாவது, ஈரல் சேர்த்து வைப்பது நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது மாதிரி. சில குழந்தைகளுக்கு மருந்து கொடுத்த ஓரிரு நாள் வாந்தி, தலைவலி வரலாம், தானே சரியாகிவிடும். இதை நான் சொன்னால் மாப்பிள்ளைக்கு நான் மாமியார், அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் அது பதில்.

பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. வைட்டமின் ஏ மிக அதிகமாக இருக்கும் துருவக் கரடியின் ஈரலைத் தின்றவர்களுக்குத் தோல் உரிந்தது உண்மை. 2001 நவம்பரில் அசாமில் இதே மருந்தைக் கொடுத்தபோது 2 மில்லி கரண்டிக்குப் பதிலாக 5 மில்லி கோப்பை போனது, குழந்தைகள் நோயில் விழுந்தார்கள், இறப்புகளும் செய்தியாயின. காரணம் மருந்துதானா என்று அன்றைக்கே சர்ச்சை. மறுபக்கம், திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளிடம் வாரத்துக்கு ஒரு சின்ன அளவு கொடுத்துப் பார்த்து, இறப்பு பாதிக்கும் கீழே போனதை டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடனிருந்தவர்களும் 1990இல் வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் பெரிய அளவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது, இறப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பெரிய அளவு இன்னும் வேண்டுமா, குறை உள்ள இடத்தில் மட்டும் போதுமா என்று நம் நாட்டு அறிஞர்களே வாதிக்கிறார்கள். நல்ல வாதம், நடக்கட்டும். ஆனால் வாதம் எவ்வளவு, யாருக்கு என்பதைப் பற்றியது. இந்தச் சத்து விஷம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. கைப்பேசிக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறார்கள், நீங்கள் வாய் திறக்காததால் அது விற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது இன்னும் அவசரம். எங்கள் மாடியில் இருக்கும் பெண்ணுக்கு மூன்றாவது மாதம். ரத்தம் குறைவு என்றதும் வாரத்துக்கு மூன்று நாள் ஈரலும் சுவரொட்டியும் வறுத்துக் கொடுக்கிறார்கள். போதாததற்கு யாரோ சொன்னார்கள் என்று மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வேறு. ஆட்டு ஈரல் 100 கிராமில் பல ஆயிரம் மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாள் வரம்பு 3000தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இது மிஞ்சினால் கருவுக்கு ஊனம் வரலாம். பிரிட்டனில் கர்ப்பிணிகள் ஈரலே சாப்பிட வேண்டாம் என்று அரசாங்கம் சொல்கிறது. இங்கே அந்தப் பெண்ணிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழ் வீட்டில் ஒரு குழந்தை ஒரு மஞ்சள் கரு கூட இல்லாமல் வளர்கிறது. மேல் வீட்டில் ஒரு கரு அளவில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு மாடிப்படி. இரண்டு வீட்டுக்கும் பதில் ஒரே தாளில் அடங்கும்.

சுகாதார நிலையத்துச் சுவரில் இடமில்லை என்று சொல்ல முடியாது. சிரிக்கும் குழந்தை படம் இருக்கிறது, திட்டங்களின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பால் பாக்கெட்டிலும் எண்ணெய் பாக்கெட்டிலும் நீல நிறத்தில் பிளஸ் எஃப் முத்திரை போட்டு, ஏ, டி சத்துகளைச் சேர்த்து விற்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் பத்து பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் உடம்புக்குள் போவதைப் பற்றி எங்கள் மொழியில் எங்களுக்குச் சொல்ல இவ்வளவு தயக்கம் ஏன்? கேள்வி கேட்டால் பதிவேட்டை நீட்டி "வேண்டாம்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். மூன்றாவது தடவை வந்தபோது எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே அம்மா. வேண்டும் என்பதற்குத்தானே வந்தேன்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அந்த நிலையத்தில் இருக்கும் சிஸ்டர்கள் காலை எட்டு மணிக்கு வந்தால் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் ஓடுகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்தவள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் இல்லை, அதுதான் குறை.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். தமிழில் ஒரு தாள் அச்சடியுங்கள். எந்த வயதுக்கு எவ்வளவு வேண்டும், எதற்கு மேல் ஆபத்து என்று எண்ணில் இருக்கட்டும். ஒரு முட்டையில் சுமார் 80 மைக்ரோகிராம்தான், பயமில்லாமல் கொடுக்கலாம் என்று இருக்கட்டும். குழந்தைக்கு ஈரல் என்றால் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு, தினமும் வேண்டாம் என்று இருக்கட்டும். கீரை, கேரட், பப்பாளியில் இருப்பதை உடம்பு தேவைக்குத்தான் மாற்றிக்கொள்ளும், மிஞ்சினால் தோல் மஞ்சளாகும், அவ்வளவுதான் என்று இருக்கட்டும். கர்ப்பிணிக்குத் தனியாக இரண்டு வரி, கொஞ்சம் பெரிய எழுத்தில். கரண்டி மருந்து ஏன் அவ்வளவு, ஏன் ஆறு மாத இடைவெளி என்ற அந்த வகுத்தல் கணக்கும் இருக்கட்டும். அதை ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு அங்கன்வாடியிலும் மாட்டுங்கள். புதன்கிழமைகளில் அரை மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து, கேட்பவருக்குப் பதில் சொல்லட்டும்.

அச்சடிக்க நாள் ஆகும் என்றால், அதுவரை என் பேரனுக்கு மட்டும் கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும். வரும் புதன்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிடுவேன். மாப்பிள்ளையும் அரை நாள் லீவு போட்டு வருகிறேன் என்றிருக்கிறார். பேரனின் தாய் சேய் நல அட்டையும், காலண்டர் தாளில் நான் போட்ட கணக்கும், ஒரு வெள்ளைத் தாளும், பேனாவும் கொண்டு வருகிறேன். கணக்கில் தப்பிருந்தால் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
வட சென்னை