முதல் கியூவைப் பதிவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி மண்டபத்துக்கு ஆறு எல்.இ.டி. பார் லைட்டுகள் வந்து இறங்கிவிட்டன என்பதைவிட, பழைய ஹாலோஜன் நான்கையும் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்கிறாய் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டில் டி.வி. சத்தமே இல்லை.

மேடை விளக்குகளைக் கணினியிலிருந்து இயக்க எந்த மென்பொருள் என்று கேட்டிருந்தாய். கியூ.எல்.சி. பிளஸ் போடு. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். நான்காம் பதிப்பை வைத்தே எழுதுகிறேன். ஆனால் முதல் நாள் மடிக்கணினியைத் திறக்காதே. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்.

விளக்குகளுக்குப் போகும் மொழி டி.எம்.எக்ஸ். 512. அமெரிக்காவில் 1986-ல் வகுத்தார்கள். ஒரு கேபிளில் 512 சேனல்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். அவ்வளவுதான். சாதாரண டி.எம்.எக்ஸ்.ஸில் விளக்கிலிருந்து பதில் எதுவும் திரும்பி வராது. விளக்கு அணைந்து கிடந்தாலும், முகவரி (அந்த விளக்கின் முதல் சேனல் எண்) தப்பாக இருந்தாலும், திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான் தாள் முக்கியம்.

உன் பார் லைட்டின் பின்பக்க மெனுவில் 4 சேனல், 8 சேனல் என்று இரண்டு மூன்று வகைகள் இருக்கும். எட்டை எடுத்தால் முகவரிகள் 1, 9, 17, 25, 33, 41. ஹாலோஜன்களின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியான டிம்மர் பேக்கைத் தள்ளி 101-ல் வை. நாளை விளக்கு கூடினால் நடுவில் இடம் இருக்கும். பழைய டிம்மரில் மெனு இல்லாமல் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருந்தால், முதல் சுவிட்ச் 1, அடுத்தது 2, பிறகு 4, 8, 16, 32, 64, 128, 256. 101 வேண்டுமென்றால் 64, 32, 4, 1; அதாவது 7, 6, 3, 1 ஆகிய சுவிட்சுகளை மேலே தள்ளு. விளக்கில் ஒரு வகையும் மென்பொருளில் வேறு வகையும் இருந்தால்தான் அந்த வழக்கமான கூத்து நடக்கும்: சிவப்பை ஏற்றினால் பச்சை எரியும், பச்சையை ஏற்றினால் ஸ்ட்ரோப் (விட்டுவிட்டு மின்னும் ஒளி) வெட்டும். விளக்கு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. மெனுவைப் பார்.

கேபிள் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு என்று சங்கிலியாகப் போகவேண்டும். நடுவில் இரண்டாகப் பிரித்து ஒட்டினால் சிக்னல் எதிரொலித்து, காரணமே இல்லாமல் கடைசி விளக்குகள் துடிக்கும். மைக் கேபிள் பிளக்கில் பொருந்தும், சின்ன தூரத்தில் வேலையும் செய்யும்; ஆனால் அதன் மின்தடைப் பண்பு வேறு, நீளம் கூடினால் காலை வாரும். சங்கிலியின் கடைசி விளக்கில், 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த ஒரு பிளக்கைச் செருகிவிடு. சில ரூபாய் வேலை.

மின்சாரத்தையும் பார்த்துக்கொள். 1000 வாட் ஹாலோஜன் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். நான்கையும் முழுதாக ஏற்றினால் 17 ஆம்பியரைத் தாண்டும். ஒரே 16 ஆம்பியர் பாயின்டில் மாட்டாதே. பார் லைட்டுக்கு நேரடி மின்சாரம்தான். டிம்மர் வழியாகக் கொடுத்தால் அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடும்.

கணினிக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு யு.எஸ்.பி. பெட்டி வேண்டும். மலிவான 'ஓப்பன்' வகையில் தனியாகச் செயலி கிடையாது. சிக்னலின் நேரக் கணக்கைக் கணினியே பார்க்கவேண்டும். கணினி வேறு வேலையில் மூழ்கினால் விளக்கு மினுக்கும். 'ப்ரோ' வகை அந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். விளக்கில் ஒன்றைக் குறைத்தாவது ப்ரோவை வாங்கு என்பேன்.

இனி மென்பொருள். 'இன்புட்/அவுட்புட்' பக்கத்தில் முதல் யுனிவர்ஸுக்கு (ஒரு கேபிளின் 512 சேனல்களுக்கு அந்தப் பெயர்) நேரே அந்தப் பெட்டியின் 'அவுட்புட்' கட்டத்தை டிக் செய். இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் கேபிளைச் சந்தேகப்படுபவர்கள் ஏராளம். 'ஃபிக்ஸ்சர்ஸ்' பக்கத்தில் உன் விளக்கின் கம்பெனி, மாடல், வகை, முகவரி, எண்ணிக்கை கொடு. ஆறையும் ஒரே தடவையில் அடுக்கிவிடும். மாடல் பட்டியலில் இல்லையென்றால், கூடவே வரும் எடிட்டரில் கையேட்டைப் பார்த்து எட்டு சேனலையும் எழுதிக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. பிறகு 'சிம்பிள் டெஸ்க்'கில் ஒவ்வொரு சேனலாக ஏற்றிப் பார்த்துத் தாளில் டிக் அடி. முடிந்ததும் ரீசெட்டை அழுத்து. அங்கே ஏற்றிவைத்த எண் மற்ற எல்லாவற்றையும் மீறி நிற்கும். நாடகத்தின் நடுவில் ஒரு விளக்கு அணையவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் முதலில் அங்கே பார். எல்லாம் இருட்டாகவே இருந்தால், மொத்த ஒளியையும் கூட்டிக் குறைக்கும் கிராண்ட் மாஸ்டர் கீழே இறங்கியிருக்கிறதா, பிளாக்அவுட் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பார்.

'சீன்' என்பது மேடையின் ஒரு நிலை. அதில் டிக் செய்த சேனல்களுக்கு மட்டும்தான் எண் போகும். எல்லா சீனிலும் எல்லா விளக்கையும் டிக் செய், சுழியத்தில் இருப்பதையும் சேர்த்து. இல்லையென்றால் ஒரு சீனில் இருந்த விளக்கு அடுத்ததில் எப்படி, எப்போது போகும் என்பது உன் கையில் இருக்காது.

சீன்களை வரிசையாக ஒரு 'சேஸர்' உள்ளே போடு. அதன் பெயரைப் பார்த்து டிஸ்கோ என்று நினைத்துவிடாதே, நாடகத்தின் கியூ வரிசையும் அதுதான் (கியூ என்றால் குறித்த இடத்தில் வரவேண்டிய ஒளி மாற்றம்). நேரங்களை 'பெர் ஸ்டெப்' என்று மாற்று. 'ஹோல்ட்' கட்டத்தில் ∞ போடு, அப்போதுதான் நீ அழுத்தும்வரை அடுத்த கியூ காத்திருக்கும். ஓடும் முறை 'சிங்கிள் ஷாட்'. 'லூப்' ஆக விட்டால், கடைசி இருட்டுக்குப் பிறகு கை பட்டாலும் முதல் காட்சி பளிச்சென்று வந்து நிற்கும். பிறகு 'விர்ச்சுவல் கன்சோல்' பக்கத்தில் ஒரு 'கியூ லிஸ்ட்' வைத்து இந்தச் சேஸரை இணைத்து, 'நெக்ஸ்ட்'டுக்கு ஸ்பேஸ் பாரைக் கொடுத்துவிடு.

ஒன்றில் மட்டும் கவனம். சீன்களைத் தனித்தனிப் பொத்தான்களாக வைத்தால், சிவப்பை அணைக்காமல் நீலத்தை அழுத்தும்போது மேடை ஊதாவாகும். ஒரே சேனலுக்கு இரண்டு சீன்கள் எண் அனுப்பினால் பெரியதே ஜெயிக்கும் என்பது இந்த மென்பொருளில் ஒளி அளவுக்கு மட்டுமல்ல, சிவப்பு, பச்சை, நீலத்துக்கும் பொருந்தும். பொத்தான்களை ஒரு 'சோலோ ஃபிரேம்' உள்ளே போட்டால் ஒன்று எரியும்போது மற்றது தானாக அணையும்.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். புதிதாகக் கற்பவர்கள் நிறத்திலேயே மூழ்கிவிடுகிறார்கள். பார்ப்பவர்களை அசைப்பது நிறத்தைவிட நேரம். அதே இரண்டு சீன்களை 0, 3, 12 விநாடிகளில் மாற்றிப் பார். முதலாவது அறைந்தாற்போல இருக்கும்; மூன்று விநாடி இடம் மாறியதைச் சொல்லும்; பன்னிரண்டில் பொழுது சாய்வதை யாரும் கவனிக்கமாட்டார்கள், உணர்வார்கள். 1959-ல் கொல்கத்தா மினர்வா தியேட்டரில் ஒரு நாடகத்துக்காக ஒளியமைப்பாளர் தபஸ் சென் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை வெறும் ஒளியாலேயே காட்டினார். அப்போது கணினி ஏது? ஒளியின் அசைவும் அளவும்தான். உன் மாணவர்களுக்கு இதைச் சொல்.

ஹாலோஜனை வைத்திருப்பதில் எனக்கு ஏன் சந்தோஷம் என்பது இங்கேதான் வருகிறது. எல்.இ.டி.யை 20 சதவீதத்திலிருந்து 20 விநாடியில் அணைத்தால், 255-ல் அதற்குக் கிடைப்பது 51 படிகள். ஒரு படிக்கு 0.4 விநாடி. கண் அந்தத் தாவலைப் பிடித்துவிடும், அதிலும் கடைசிப் பத்துப் படிகளை. ஹாலோஜன் இழை சூட்டை உடனே விடாது, அதனால் படிகள் ஒன்றோடொன்று கரைந்துபோகும். ஆகவே மெதுவான அந்தி வேண்டிய இடத்தில் எல்.இ.டி.யை முன்னதாகவே இறக்கிவிட்டு, கடைசி ஒளியை ஹாலோஜனிடம் கொடு. உன் பார் லைட்டில் ஒளியை இன்னும் நுண்ணிய படிகளில் மாற்றும் ஃபைன் டிம்மர் சேனலோ, டிம்மர் வேகம் என்ற மெனுவோ இருந்தால் அதையும் போட்டுப் பார்.

இது கைக்கு வந்த பிறகு, பெரிய அரங்குகளில் புழங்கும் ஈயோஸ் என்ற விளக்குக் கட்டுப்பாட்டு மேசையின் கணினி வடிவமான நோமட் மென்பொருளை இறக்கிக்கொள். அதற்கான யு.எஸ்.பி. சாவியை வாங்காதவரை விளக்குக்கு எதுவும் போகாது. ஆனால் கற்க அது போதும். சேனல் 1 த்ரூ 6 அட் 50 என்டர், ரெக்கார்டு கியூ 1 என்டர் என்று வாக்கியம்போல அடிக்கவேண்டும். அங்கே 'ட்ராக்கிங்' என்று ஒன்று உண்டு. மூன்றாம் கியூவில் ஒரு விளக்கை மாற்றினால், வேறு எண் வரும்வரை நான்கு, ஐந்து, ஆறு என்று அந்த மாற்றம் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கியூவுக்கு மட்டும் வேண்டுமானால் 'கியூ ஒன்லி' என்று சேர்த்துப் பதியவேண்டும்.

நாடகத்தன்று கணினியின் உறக்கம், வைஃபை, அப்டேட், யு.எஸ்.பி. மின்சேமிப்பு எல்லாவற்றையும் நிறுத்து. கோப்பைத் தேதி போட்ட பெயரில் பென் டிரைவிலும் வை. கியூத் தாளில் எண், எந்த வசனத்தில் அழுத்தவேண்டும், எத்தனை விநாடி என்ற மூன்றும் இருக்கட்டும். முதல் அங்கத்தின் தாளை எழுதியதும் அனுப்பு, விநாடிகளைச் சேர்ந்து பார்ப்போம். பார் லைட்டின் பின்பக்க மெனுவையும் போட்டோ எடுத்து வை. அந்த எட்டு சேனலும் என்ன வரிசை என்று தெரிந்தால் எடிட்டர் வேலையை நானே முடித்து அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்