திரும்பிப் பார்க்காமல் வந்தவன் எழுதும் கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணே என்று உங்களை நான் முதன்முதலில் கூப்பிட்டதே போன வருடம்தான். அதுவரை எங்கள் வீட்டில் உங்களுக்கு ‘வெட்டியான்’ என்பதுதான் பேர். என்னைவிட 20 வயது மூத்தவரைச் சின்ன வயதில் ‘வா, போ’ என்று பேசியிருக்கிறேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

அக்காவின் ஆண் குழந்தை பிறந்த 11ஆம் நாள் தவறியது. பெரியவர்களை எரித்தாலும் பச்சைப் பிள்ளையைப் புதைப்பதுதானே நம் வழக்கம். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண், சித்திரை வெயிலில் சரளையோடு இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டுப் போட்டு இடுப்பளவு இறக்கியிருந்தீர்கள். துணியில் சுற்றிய பிள்ளையோடு நான் நின்றேன். வாங்கப் போகிறீர்கள் என்று பார்த்தால், மறுபடி குழிக்குள் இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள். உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவிச் சரளைக்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேலே வைத்தீர்கள். மாமா அவசரப்படுத்தினார்.

“இருங்கய்யா, பிள்ளைக்குக் குத்தும்” என்றீர்கள்.

அதை அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது.

மண்ணை மூடி, நாய் தோண்டாமல் இருக்கக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுக் கல் ஏற்றினீர்கள். மாமா கூலியை உங்கள் கையில் கொடுக்கவில்லை, தரையில் போட்டார். நீங்கள் குனிந்து எடுத்தீர்கள். “திரும்பிப் பாக்காம நட” என்றார்கள். நடந்தேன். நாங்கள் எல்லோரும் போன பிறகு அங்கே தனியாக நிற்கிற உங்களை, சாங்கியத்தின் பேரைச் சொல்லி, இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்த இரவு, மனசு கேட்காமல் நான் மட்டும் திரும்பி வந்தேன். வரட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, குழைத்த மண் பூசிய மூட்டத்துக்கு நீங்கள் ஒற்றை ஆளாகக் காவல் இருந்தீர்கள். சூட்டில் தசை சுருங்கிக் கைகால் மடங்கும், உடம்பு அசையும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. “தம்பி, அங்கிட்டுப் பாத்து உக்காருங்க” என்று சொல்லிவிட்டுக் கழியை எடுத்தீர்கள். மெதுவாகத்தான் அழுத்தினீர்கள். சத்தத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் கேட்டேன், மனசு எப்படித் தாங்குகிறது என்று.

“பெரியவுக காரியம்னா கொஞ்சம் ஊத்திக்கிட்டா ஓடிரும் தம்பி. பிள்ளைக காரியத்துக்கு மட்டும் குடிக்க மாட்டேன். கை தடுமாறிறக் கூடாதுல்ல. அன்னைக்கு ராத்திரிதான் கண்ணை மூட முடியாது.”

உங்களைக் குடிகாரன் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் அண்ணே.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிற கைகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். நம் சிவகங்கை மாவட்டத்துக் கொந்தகையில் 2020இல் அகழாய்வு தொடங்கி, முதுமக்கள் தாழிகளை எடுத்தார்கள். தாழிகளையும் அவற்றோடு வைத்த மண்கலயங்களையும் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அந்தக் காலத்தில் அங்கே குழி தோண்டினவர் ஞாபகமாகவே இருந்தது எனக்கு. அவரும் கல் பொறுக்கியிருப்பாரோ?

தை மாதம் அக்காவின் மூத்தவளுக்குக் காதுகுத்து. நல்ல காரியத்துக்கு உங்களை அழைப்பதில்லை என்று மாமா முகம் சுளிக்கிறார். அக்கா விடுவதாக இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு நானும் அவளும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். மதினியையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி