மாரிக்குளிரும் நாய்க்குட்டியும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நுவரெலியாவின் விடியற்குளிரை முற்றத்தில் படுக்கும் ஒரு நாய்க்குட்டி எப்படித் தாங்கும் என்று கேட்ட நீ, திருகோணமலைக்காரனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்றும் சீண்டியிருக்கிறாய். 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டிய நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்து இறந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே அன்று உறைபனி ஏதும் விழவில்லை. தோல்வரை நனைந்த உடம்பில் ஓயாமல் காற்று அடித்தது, அதுவே போதுமானதாயிருந்தது. நாய்க்குட்டிக்கும் வெப்பமானி காட்டும் எண்ணைவிட ஈரமும் காற்றுமே பெரிய பகை என்பது என் எண்ணம்.

எங்கள் வளவிலும் இப்போது ஒரு குட்டி இருக்கிறது. கடற்கரை மீன்வாடியில் பிறந்த அதற்கு வயது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். நாயை வீட்டுக்குள் விட என் மனைவி இணங்கமாட்டாள் ஆதலால், விறாந்தையின் ஓரத்தில் பலகைக் கூடொன்று செய்து வைத்தேன். மழைநீர் ஓடினாலும் தளம் நனையாதபடி அதைச் சீமெந்துக் கற்களின்மேல் உயர்த்தி, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வாசலைத் தென்மேற்கு நோக்கித் திருப்பி, வாசலில் தடித்த சாக்கொன்றையும் தொங்கவிட்டிருக்கிறேன். கூடு பெரிதாயிருப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். குட்டி தன் உடற்சூட்டாலேயே கூட்டைச் சூடாக்க வேண்டியிருப்பதால், அது எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு இடம் இருந்தால் போதும். வளர்ந்த நாயின் அளவுக்கே கூட்டைச் செய்து, இப்போதைக்கு நடுவில் ஒரு பலகையைச் செருகிப் பாதியை அடைத்துவிட்டால், பின்னர் புதிதாகச் செய்யவேண்டியதில்லை. படுக்கைக்கு நல்லது காய்ந்த வைக்கோல். பழஞ்சாரமும் துவாயும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அவற்றை இட்டால் நாள்தோறும் மாற்றவேண்டும்.

பிறந்த புதிதில் குட்டிகளுக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனே இல்லை. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்துதான் அவை பிழைக்கின்றன. இரண்டு மாதத்தில் நடுக்கம் வந்துவிடும்; ஆயினும் உடம்பில் கொழுப்பு குறைவு, எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்போ அதிகம் என்பதால் சூடு விரைவில் கழிந்துவிடும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. நடுங்கிக்கொண்டிருந்த குட்டி, சூடேறாமலே நடுக்கம் நின்று சோர்ந்து கிடந்தால், நிலைமை மோசமாகிவிட்டது என்று கொள். உடனே ஈரத்தைத் துடைத்து, சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றிக்கொண்டே மிருக வைத்தியரிடம் எடுத்துச் செல். குளிர்ந்துபோன குட்டியின் வாயில் பாலை ஊற்றாதே. விழுங்க வலுவில்லாதபோது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், குளிர்ந்த குடலில் உணவு செரிப்பதும் இல்லை.

மாரியில் குட்டியைக் குளிப்பாட்டுவதில்லை என்று சொன்னபோது, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கொண்டுபோகலாமே என்று பக்கத்து வீட்டார் சிரித்தார். வெந்நீரில் குளித்தாலும் திரும்பும் வழியில் வாடை இருக்கிறதே!

உன் ஊரின் நிலை வேறு. தை, மாசியில் அங்கே புல்லின்மேல் உறைபனி படியும் இரவுகள் உண்டு. அத்தகைய இரவில் மூன்று மாதம் நிரம்பாத குட்டியை எவ்வளவு நல்ல கூட்டிலும் வெளியே விடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குசினி மூலையில் ஓர் இடம் கொடு. ஆனால் கதவடைத்த அறையில் கரியடுப்பை மூட்டிவைக்க வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சுவாயு குட்டியை மட்டுமல்ல, வீட்டாரையும் கொல்லும்.

தடுப்பூசிகளை மழையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதே. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் பரவுவது நாய்களுக்கும் பொருந்தும். ஆகவே தேங்கிய நீரை நக்கவும் விடாதே.

உன் குட்டியின் மயிர் நீண்டதா குட்டையா என்பதை நீ எழுதவில்லை. அதையும், உன் முற்றத்தில் இரவுக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் எழுதினால், கூட்டின் வரைபடத்தை அளவுகளோடு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய வகுப்புத் தோழன்