நெடுந்தீவின் மேய்ச்சலும் நன்னீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிப் பேசும்போது பழைய லாயங்களின் இடிபாடுகளையே காட்டுகிறோம்; அவற்றை வாழவைத்த தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. ஐரோப்பியர் ஆட்சியில் குதிரை வளர்ப்பிடமாக இருந்த இத்தீவில் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால், அதன்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் 1 அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது நீரியலின் கணக்கு. துலாவாலும் கையாலும் அளவோடு இறைத்த முன்னோரின் கிணறுகள் நிலைத்ததற்கும், இயந்திரத்தால் இடைவிடாது இறைக்கும் கிணறு உவராவதற்கும் இதுவே காரணம்.

கோடை வறட்சியில் தண்ணீரின்றிக் குதிரைகளும் மாடுகளும் மடிந்த செய்திகளைப் பலமுறை வாசித்து வேதனையுற்றிருக்கிறோம். கடல்நீரைச் சுத்திகரித்து மனிதருக்கு வழங்குவது அவசியமே. ஆனால் மேய்ச்சல் வெளியில் திரியும் வாயில்லாச் சீவன்களுக்குக் குளமும் கேணியும் தொட்டியுமே கதி. ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்னதாகவே அங்குள்ள குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி, கால்நடைத் தொட்டிகளைத் திருத்தித் தருமாறு பொறுப்பானவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.